நாற்பத்தோராவது நிமிஷம்

எனக்கு நீச்சல் தெரியாது. இன்ஸ்பெக்டர் சாரதா மேடம் பேப்பரும் பேனாவும் கொடுத்து, "உன்னப் பத்தி ஆரம்பிச்சு எழுதுய்யா" என்றார். அதனால் அதை முதலில் எழுதிவிடுகிறேன். தண்ணீரைக் கண்டால் எனக்குப் பயம். அதைவிட ஆசை அதிகம்.

பெயர் கோதண்டராமன். ஒரகடத்தில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் வேலை. அணையோ ஏரிக்கரையோ உடைந்தால் வெள்ள அலை எந்த வழியாக ஓடும், எத்தனையாவது நிமிஷம் யார் வாசலில் நிற்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து வரைபடம் தருவேன். பதினோரு வருஷத்தில் அறுபத்துமூன்று ஏரிகளை உடைத்திருக்கிறேன், எல்லாம் திரையில். நிஜத்தில் ஒன்றுகூட உடையவில்லை. ஊருக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டு ஒரு பந்தியிலும் உட்காராதவன் நிலைமை என்னுடையது.

வெண்ணிப்பாக்கம் ஏரி என் செல்லம். அதற்குக் கீழே, சுங்குவார்சத்திரம் போகும் வழியில், கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. கரை உடைந்த நாற்பத்தோராவது நிமிஷம் அலை அங்கே வரும் என்றது என் கணக்கு. விடுதி கேட்டில் ஓரடி ஏறினால்தான் 'வந்தது' என்று பொருள். கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு அதிகாரி, "அது இன்னா நாப்பத்தொண்ணு? ஜாதகம் பாத்தியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. பகல் பதினொரு மணியைத்தான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் தொழிலில் வேலைக்குப் போகிறவர்களைப் பகலில் தொழிற்சாலையில் எண்ணுவோம், தங்கும் இடத்தில் எண்ணமாட்டோம். ஒரே ஆளை இரண்டு இடத்தில் காட்டினால் அறிக்கை திரும்பி வந்துவிடும். சர்வேக்குப் போனபோது தென்றல் என்ற பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். "நைட் ஷிப்ட் முட்ச்சினு இப்பத்தான் சார் படுத்தோம். நாப்பது பேரும் தூங்கினுகீறோம், மெதுவா பேசுங்க" என்றாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பூனைபோல் நடந்து வெளியே வந்தேன். பகல் என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன். அவர்களை ஏற்கெனவே தொழிற்சாலையில் எண்ணியாகிவிட்டது, வேறென்ன செய்வது? வார்டன் லீலாம்மா ஆபத்துக்கு உதவும் என்று என் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

டிசம்பரில் நான்கு நாள் மழை. ஏரி தளும்பியது. உபரி நீர் வழியும் கலங்கலின் மேல் விவசாயிகள் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்கியிருந்தார்கள். நான் கரையின் குறுக்கே மண்வெட்டியால் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் வெட்டினேன், அவ்வளவுதான். மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. கரை பிட்டு பிட்டாகக் கரைந்தபோது என் கால் தரையில் பாவவில்லை.

ஸ்கூட்டரில் அலைக்கு முன்னால் பறந்தேன். முதல் சிறுபாலத்துக்கு என் கணக்கு ஒன்பது நிமிஷம், வந்தது ஒன்பது நிமிஷம் பத்து வினாடியில். அடுத்த பாலத்தில் வினாடி பிசகவில்லை. வாய்விட்டுப் பாடினேன். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா சார், வூட்ல கொழந்த பொறந்துகீதா?" என்றார். ஆமாம் என்றேன். தண்ணீர் வருவதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன், சந்தோஷத்தில் இதெல்லாம் சகஜம்.

விடுதிக்கு எதிரே மேல்நிலைத் தொட்டியின் படியில் ஏறி நின்றேன். முப்பத்தெட்டாவது நிமிஷம் போன் அடித்தது. லீலாம்மா.

"சார், தெருவுல கணுக்கால் அளவு தண்ணி ஓடுது. கேட்டத் தொறந்து பொண்ணுங்கள மெயின் ரோட்டுக்கு அனுப்பட்டுமா?"

மேடம், என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கேட்டைத் திறந்தால் தண்ணீர் உள்ளே பரவிவிடும், ஓரடி ஏறாது. என் கணக்கில் அந்த கேட் மூடித்தான் இருந்தது.

"தொறக்காதீங்கம்மா. மூணே நிமிஷம். அவங்க தூங்கட்டும்."

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். அவர் குரலில் எவ்வளவு நிம்மதி.

நாற்பத்தோராவது நிமிஷம், கேட் தூணில் நான் முன்பே பெயிண்டால் போட்டிருந்த கோட்டைத் தண்ணீர் தொட்டது. அழுதுவிட்டேன். உடனே திறக்கச் சொல்லத்தான் போனை எடுத்தேன். முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிறகு ஒரு வீடியோ. அது முடிவதற்குள் தண்ணீர் இடுப்பளவு ஏறிச் சுற்றுச்சுவர் மொத்தமாக விடுதிமேல் சாய்ந்தது. நீங்கள் காட்டிய பட்டியலில் தென்றலின் பெயர் மூன்றாவதாக இருந்தது.

கரையை வெட்டியது நான். கேட்டைத் திறக்கவிடாததும் நான். இரண்டையும் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கணக்கில் அந்தச் சுவர் விழவே இல்லை மேடம். அதைக் கட்டியவனைப் பிடித்து விசாரியுங்கள், ஒன்பது உயிர் போயிருக்கிறது.