யாரோ ஒரு நார்மன்

— ரெண்டு சொட்டு கண்ணீர் போதும், கோல்டா மதினி. அதிகாரி வர்ற நேரத்துக்கு விட்டாப் போதும்.

— கண்ணீர்லயும் சிக்கனமா, ஆல்கர் கொழுந்தனாரே? முதல்ல நான் என்னன்னு சத்தியம் பண்ணணும், அதைச் சொல்லுங்க.

— இந்தப் பாலத்துக்கடியில செத்துக் கெடக்கறது உங்க புருஷன் தர்கில். பன்னண்டு வருஷம் முன்னாடி பிரபுவோட குதிரைங்களைப் பாத்துக்கக் கடல் தாண்டிப் போன என் பங்காளி அண்ணன். பாதிரியார் கொண்டு வந்திருக்கிற புனிதர் எலும்பு மேல நீங்க ஒரு கை வைங்க, நான் ஒரு கை வைக்கிறேன். முடிஞ்சுது.

— பிடரி சிரைச்சிருக்கு, மீசையைக் காணோம். அசல் நார்மன் மாதிரில்ல தெரியுது?

— அதுதானே சிக்கல்! செத்தவன் நம்மாளுதான்னு சொந்தக்காரங்க ரெண்டு பேர் சொல்லலைன்னா, சட்டப்படி அவன் நார்மன். நம்ம நாட்டைப் புடிச்சு ஆளற நார்மன் செத்தா சுத்துப்பட்டு ஊர் மொத்தமும் தண்டம் கட்டணும். ஏர் மாட்டைக்கூட அவுத்துக்கிட்டுப் போயிடுவாங்க.

— நம்மாளு செத்தா?

— ஒண்ணுமில்லை. புதைச்சிட்டு வேலையைப் பாக்கலாம்.

— நாம எப்பவும் மலிவுதான்.

— அவன் நேத்து உங்க கடையிலதான் குடிச்சானாமே?

— மூணு குவளை பார்லிக் கள். நார்மன்காரங்க பேசற பிரெஞ்சுலதான் கேட்டுச்சு அந்த ஆளு. பாலத்துப் பலகையெல்லாம் பாசி, பாத்துப் போன்னு நம்ம பாஷையில சொன்னேன். சிரிச்சிட்டுப் போச்சு.

— சரி, சத்தியம் பண்ணுவீங்கதானே?

— பண்ணலாம். எனக்கு என்ன கிடைக்கும்?

— மதினி! ஊரே மூழ்கப் போகுது!

— என் அடுப்பு என்னைக்கோ மூழ்கியாச்சு. அந்த ஆத்தோர நிலம் என் புருஷனோட பங்கு. நீங்கதான் உழறீங்க. கேட்டா, ‘அண்ணன் செத்தான்னு தெரியாம பொண்டாட்டிக்குப் பங்கு கிடையாது’ன்னீங்க. இன்னைக்கு நீங்களே செத்தாச்சுன்னு சொல்றீங்க.

— அது ஊருக்காகச் சொல்ற பொய்! பொய்ச் சாவுக்கு நெசப் பங்கா?

— அப்போ நெசத்தையே சொல்லிடுவோம். யாரோ ஒரு நார்மன், பாவம், விழுந்துட்டான்னு.

— பாதி எடுத்துக்கோங்க.

— நானும் பாதி சத்தியம் பண்ணட்டுமா? இடுப்புக்கு மேல நம்மாளு, கீழே நார்மன்னு?

— உங்களோட பேசி ஜெயிக்க முடியுமா... சரி, முழுசும் உங்களுக்கே.

— வாயால வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம்தானே நிலம்? நிலம் கைமாத்தற வழக்கப்படி புல்லோட ஒரு மண்கட்டி பேத்து, அதோ பாலத்து மேல நிக்கிற பாதிரியார் கண்ணு முன்னால என் கையில குடுங்க.

— குடுக்கறேன், குடுக்கறேன்... இந்தாங்க. பாதிரியாரே, பாத்துக்கிட்டீங்களா? குடுத்தாச்சு!

— ஈரமாத்தான் இருக்கு. நல்ல மண்ணு.

— உங்களுக்கு மண்ணு, எனக்கு நரகம். புனிதர் எலும்பு மேல கை வச்சுப் பொய் சொல்லணும். கை வர மாட்டேங்குது.

— என் கையைப் பாருங்க. தயங்குதா?

— உங்களுக்கு நெஞ்சழுத்தம், மதினி. ஐயோ, கால்! அண்ணன் கோடாலியில எடது கால் சுண்டுவிரலை வெட்டிக்கிட்டது ஊருக்கே தெரியுமே! அதிகாரி எவனையாவது கேட்டுட்டு, பூட்ஸைக் கழட்டச் சொன்னா?

— கழட்டிக் காட்டுங்க.

— உள்ள அஞ்சு விரல் இருந்தா நம்ம கதி?

— நாலுதான் இருக்கும்.

— மூஞ்சி ஊறின ரொட்டியா உப்பிக் கெடக்கு, எனக்கு ஒரு அடையாளமும் தெரியலை. நீங்க எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?

— நேத்து குடிக்கறதுக்கு முன்னால, கால் கழுவத் தண்ணி வேணும்னு சைகை காட்டினாரு. ஊத்தினது நான்தான். அவருக்குத்தான் என்னை அடையாளம் தெரியலை, கொழுந்தனாரே.