மஞ்சள் பெட்டியின் இன்டு மார்க்

நல்ல வெப்சைட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், தம்பி. தேடியது கிடைத்துவிடும், போனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். செய்தவள் யார் என்று கேட்கத் தோன்றாது. மோசமாக இருந்தால்தான் செய்தவளைத் தேடித் திட்டுவார்கள். இந்தத் தொழிலில் நான் முதலில் புரிந்துகொண்டது அதுதான்.

டீயைக் குடியுங்கள், காந்தலூர்க் குளிருக்குச் சீக்கிரம் ஆறிவிடும். பாலக்காட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, செல்வி வீட்டுக்குப் போகாமல் என் வாசலில் நின்று கேட்டீர்கள்: "சைட்ட நீங்கதானே பண்ணேள்? மாதுரி அக்கா அந்த எச்சரிக்கைய பாத்தாளா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போறும்." உங்கள் அக்காவை ஓடை கொண்டுபோன நாளிலிருந்து, பாறையைப் பிடித்துத் தப்பித்த அவர் கணவர் உட்பட எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். அவ்வளவு பெரிதாக எழுதிப் போட்டிருந்தும் படிக்காமல் வந்துவிட்டாள் என்கிறார்கள். உங்களுக்கு அது பொறுக்கவில்லை. நியாயம்தான். பதில் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

செல்வி என்கிற செல்வலட்சுமி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் பெரியமுத்து மூத்தவர், அவள் வீட்டுக்காரர் மணிகண்டன் இளையவர். பாகம் பிரித்தபோது ரோட்டோரப் பூண்டுக்காடு எங்களுக்கு வந்தது. ஓடைக்கு அக்கரையில் இருக்கிற பிளம்ஸ் தோட்டம் அவர்களுக்குப் போனது. அங்கே போகப் பாலம் கிடையாது, ஓடைக்குள்ளேயே கல் பாவிய தடத்தில் வண்டியை இறக்கித்தான் ஏற்ற வேண்டும். அந்தத் தோட்டத்தில் அவள் ரெண்டு அறை கட்டி, மலை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறேன் என்றாள். நான் அப்போது வீட்டிலிருந்தபடியே மறையூர், குமுளி லாட்ஜுகளுக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். "யக்கா, எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்கக்கா" என்று கேட்டாள். காசு வாங்காமல் செய்து கொடுத்தேன்.

அதைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. வயதானவர்கள் கண்ணைச் சுருக்காமல் படிக்கிற எழுத்து. நம்பரைத் தொட்டால் அழைப்பு போகும். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தாலும் படம் சட்டென்று வந்துவிடும். 'புக் செய்' என்ற பொத்தானுக்கு நேர்மேலே சாதாரணக் கறுப்பு எழுத்தில் ஒரு வரி வைத்திருந்தேன்: மூன்று மணிக்குள் ஓடையைக் கடந்துவிடுங்கள், மேலே மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று வரும். விரல் போகிற வழியிலேயே இருந்ததால் எல்லோரும் படித்தார்கள், எல்லோரும் வெயில் இருக்கும்போதே வந்து சேர்ந்தார்கள்.

பெயர் அவளுக்குப் போனது. ரிவ்யூ எழுதியவர்கள் செல்வி சேச்சியின் பூண்டுக் குழம்பைப் பற்றி எழுதினார்கள், அவள் சிரிப்பைப் பற்றி எழுதினார்கள். அவள் வளர்க்கிற வாத்துக்கு ஒருத்தர் ஒரு பத்தியே ஒதுக்கியிருந்தார். வந்து சேர்வது எவ்வளவு லேசாக இருந்தது என்று ஒரு ஜீவன்கூட எழுதவில்லை. எழுதியிருக்கிறார்களா என்று தினமும் போய்ப் பார்ப்பேன்.

பிறகு பஞ்சாயத்தில் விழா எடுத்து அவளுக்கு ஷீல்டு கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்தவள் மாமியாருக்கு நன்றி சொன்னாள், ஜீப் ஓட்டுகிற சுடலைமணிக்குச் சொன்னாள், பால் ஊற்றுகிற அழகுத்தாய்க்குச் சொன்னாள், பந்தல் போட்டவருக்குக்கூடச் சொன்னாள். நான் முன்வரிசையில் புதுப்புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தேன். கீழே இறங்கியதும் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "யக்கா, ஒங்க பேர விட்டுட்டேனே. நீங்க வீட்டு ஆளுதான, ஒண்ணும் நெனைக்க மாட்டீக." ஒன்றும் நினைக்கவில்லை என்றுதான் சொன்னேன். வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து புடவையை மடித்து வைக்கும்போதும் எரிந்துகொண்டே இருந்தது.

அந்த வாரமே எச்சரிக்கையை இடம் மாற்றினேன். எடுக்கவில்லை, மாற்றினேன். பொத்தானுக்கு மேல் இருந்த வரியை ஒரு மஞ்சள் பெட்டிக்குள் போட்டேன். சைட்டைத் திறந்ததும் நடுத்திரையில் குதித்து நிற்கும். சிவப்பில் கொட்டை எழுத்து, மின்னுகிற கரை, ஒரு கார் படம், மூலையில் மூடுவதற்கு ஒரு இன்டு மார்க். பார்த்தால் ஆடித் தள்ளுபடி விளம்பரம் போலவே இருக்கும். நீங்களும் போன் பார்க்கிறவர்தானே, அப்படி ஒன்று குதித்தால் படித்துக்கொண்டா இருப்பீர்கள்? வந்த காரியத்துக்குக் குறுக்கே நிற்பதை விரல் தானாகத் தள்ளிவிடும், கண் அதற்குள் போகாது. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பிழை இது. புதிதாக வருகிறவர்களிடம், இதை மட்டும் செய்துவிடாதே என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள்.

செல்விக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "இப்பத்தான்க்கா பளிச்சுன்னு கண்ணுல படுது" என்றாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. சைட்டில் எழுதியிருந்தாலும், ஆட்கள் கிளம்புகிற நாளில் அவளே போன் போடுவாள். "இங்க வெயிலடிக்குதுன்னு நம்பாதீக, மேல பெஞ்சா ஓடையில வெள்ளம் எறங்கிரும், வெரசா வந்துருங்க" என்று சொல்லிவிடுவாள். அதையும் நிறுத்தச் சொன்னேன். "டவுன் ஆளுகளுக்குச் சும்மா சும்மா போன் போட்டாப் பிடிக்காது செல்வி. அதான் இம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கேன்ல?" நான் சொன்னால் கேட்பாள். இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை அவள் மைக்கில் சொல்லியிருக்கலாம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மோசமான ரிவ்யூ. கார் ஓடையில் நின்றுபோகும், துணிமணி நனையும், கோபத்தில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். செல்வி என்னிடம் ஓடி வருவாள். நான் பழையபடி ஆக்கிக் கொடுப்பேன். நான் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது விளங்கும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சைட்டுக்கு வருகிறவர்களின் விரல் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பதிவு செய்து காட்டுகிற வசதி ஒன்று உண்டு. நான் எல்லோருடையதையும் பார்ப்பேன், உங்கள் அக்காவுடையதையும் பார்த்தேன். மஞ்சள் பெட்டி முழுதாக விரிவதற்குள் அவர் விரல் இன்டு மார்க்கைத் தொட்டுவிட்டது. அதன் பிறகு அவர் பொறுமையாகப் படித்தார். அறை, சாப்பாடு, வரும் வழி, ஒன்றையும் விடவில்லை. பிளம்ஸ் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பொத்தானுக்கு மேலே, முன்பு அந்த வரி இருந்த வெற்றிடத்திலும் ஒரு தடவை நின்றுதான் நகர்ந்தார். அங்கே இருந்திருந்தால் படித்திருப்பார்.

குறிப்பு எழுதுகிற இடத்தில், மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாலக்காட்டிலிருந்து கிளம்புகிறோம், இருட்டுவதற்குள் வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தார். அவர்கள் கிளம்புகிற அன்று காலையில் நான் அதைப் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே மேல்மலை கறுத்துக் கிடந்தது. அவர் நம்பர் திரையில் இருந்தது. தொட்டால் போதும், அழைப்பு போயிருக்கும். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் பிசுக்காக இருந்தது.

ஓடை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். போன மழைக்குச் சுடலைமணியின் ஜீப்பை அது புரட்டிப் போட்டதை இந்த ஜன்னலில் நின்றுதான் பார்த்தேன். ஒரு மரக்கிளை கைக்குக் கிடைத்ததால் அவன் பிழைத்தான். ஆனாலும் நான் நினைத்தது துணிமணி நனைவதை மட்டும்தான். அன்று சாயங்காலம் ஓடைப் பக்கம் அலறல் கேட்டபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வந்து விசாரித்தது. எஸ்.ஐ. தன் போனிலேயே சைட்டைத் திறந்தார். பெட்டி குதித்தது. பட்டென்று மூடிவிட்டு, "எவிடெ? வார்னிங் எவிடெ?" என்று கேட்டார். இப்போது நீங்கள் மூடினீர்களே, அதுதான் சார் என்றேன். மறுபடி திறந்து படித்துவிட்டு, "இதிலும் வலிய எழுத்து வேணோ?" என்று, இன்னும் பெரிதாகவா எழுதுவார்கள் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார். விசாரணை அதோடு முடிந்தது. உங்கள் அக்கா விரல் செய்ததைத்தான் அவர் விரலும் செய்தது என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

செல்வி இப்போது யாருக்கும் அறை கொடுப்பதில்லை. அடுப்படிப் பக்கம் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். "ஒரு போனு போட்டிருந்தா அந்தப் பிள்ள பொழச்சிருக்குமேக்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுகிறாள். நான்தான் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மூத்தவள் எப்படித் தாங்குகிறாள் பார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். காதில் விழுகிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் பதிவை உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். அக்காவின் கணவரிடம் காட்டுங்கள். உங்கள் அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் மூடத்தான் செய்வார்கள், மூடும்படிதான் அதைச் செய்திருந்தேன். போலீசிடமும் காட்டுங்கள், நான் தடுக்கமாட்டேன். இங்கே சொன்னதை அங்கே வந்தும் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி. வெப்சைட்டில் கோளாறு, தவறுதலாக நேர்ந்தது என்று ஏதாவது எழுதிவிடப் போகிறார்கள். அதில் கோளாறு எதுவும் இல்லை. நினைத்தபடிதான் வேலை செய்தது. அப்புறம், சைட் செல்வி பெயரில் இருப்பதால் எதற்கெடுத்தாலும் அவள் பெயரைத்தான் எழுதுவார்கள். இதிலாவது அப்படி ஆகவேண்டாம். செய்தது ராமலட்சுமி என்று முழுப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.