திருத்தப்பட்ட கடிதம்

இந்த அறையின் சுவரில் ஒட்டியிருக்கிற ஆங்கில அறிவிப்பில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஆட்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை, இன்ஸ்பெக்டர் சார். கண் இருப்பது வேறு, படிப்பது வேறு.

கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடிப் பயிற்சி நிலையத்தில், பத்தொன்பது வருடமாக ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் வளர்ந்தவர்கள். நர்ஸ், லாரி டிரைவர், ஓட்டல் வரவேற்பில் நிற்கிறவர். வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுத வேண்டும். 'என் தங்கை எழுதிய கடிதம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நாற்பதில் முப்பது பேர் 'மை சிஸ்டர் ரிட்டன் லெட்டர்' என்பார்கள். தமிழில் ஒரு பொருளுக்கு நேர்ந்ததெல்லாம் முன்னால் வந்துவிடும், பொருள் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பொருள் முதலில் போய் நின்றுகொள்ளும், அதற்கு நேர்ந்தது பின்னால் வால் போலத் தொங்கும். 'த லெட்டர் ரிட்டன் பை மை சிஸ்டர்.' செய்தது யார் என்று சொல்ல விருப்பமில்லையா, அந்த 'பை'யோடு ஆளையும் வெட்டிவிடலாம். இவ்வளவுதான் விஷயம். இதை அவர்கள் மண்டையில் ஏற்ற எனக்கு ஆறு வாரம் ஆகும்.

என் முறை எளிது. மாலையில் கரும்பலகையில் ஐந்து தொடர் எழுதுவேன். பூட்டப்பட்ட கதவு, மழையில் நனைந்த சட்டை, இந்த மாதிரி. அவற்றை அவர்கள் தங்கள் இஷ்டப்படி முழு வாக்கியமாக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் பலகையை நானே துடைத்துவிடுவேன்.

போன வருடம் பேச்சு வகுப்புக்கு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எங்கள் வகுப்புகளுக்கு நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். அவர் குரல் எனக்கு நன்றாகக் கேட்கும்.

"தப்பா இருந்தா என்னங்க, முதல்ல வாயத் தொறங்க. இலக்கணம் பின்னாடியே ஓடி வரும்."

உடனே கொல்லென்று சிரிப்பு. இரண்டே மாதத்தில் அவருக்குச் 'சிரிப்பு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிலைய நிர்வாகி அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். ஒருநாள் என்னிடம் வந்து, "நீங்களும் கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன சார்" என்றார். அடுத்த குழுவிலிருந்து இலக்கணம் வாரத்துக்கு ஒரு நாள் போதும் என்றும் சொன்னார். ஒரு தொழுநோயாளியைக் குணப்படுத்தியதைப் போல முகம் மலர்ந்திருந்தது.

சிரிப்பு சார் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது, பழைய பள்ளியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுக்காரிக்கு உடம்பு முடியலண்ணே. வைத்தியம் பாக்குற ஆஸ்பத்திரி இங்கதான் இருக்கு. அதான் வேலைய விட்டுட்டு வந்துட்டேன்."

அன்று மாலை என் ஐந்தில் ஒன்றாக 'முந்தைய பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஆசிரியர்' என்று எழுதினேன். மற்ற நான்கும் குடை, கதவு, கடிகாரம், பூனை. இரண்டு நாள் கழித்து 'அழுதுகொண்டிருந்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாணவி.' எந்தப் பள்ளி, யார் நீக்கியது, எதுவும் நான் சொல்லவில்லை. ஒரு நர்ஸ் மட்டும் எழுந்தாள்.

"சார், இது யாரைப் பத்தி சார்?"

"உதாரணம்மா. எழுது" என்றேன். சொல்லிவிட்டுத் தடுப்புப் பக்கம் ஒரு தரம் பார்த்தேன்.

ஆறு வாரமாக இரண்டு சொல்லை ஒழுங்காகச் சேர்க்கத் தெரியாத கூட்டம், இந்த இரண்டு தொடரையும் ஒரே மாலையில் சேர்த்துவிட்டது. அவர்களை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் அந்தக் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது. அந்த நர்ஸுக்கு வேலை, சிரிப்பு சாரின் மனைவி படுத்திருந்த வார்டில்தான். அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

நிர்வாகி பயந்தாங்கொள்ளி. பழைய பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம் என்று சிரிப்பு சாரிடம் சொன்னார். அவர் அன்றே தலைமையாசிரியைக்குப் போன் செய்தார். நிலையத்தைக் காலையில் திறப்பவன் நான். தபாலை எடுப்பவனும் நான். நான்காம் நாள் கடிதம் வந்தது. என் மேசை இழுப்பறையில், சாக்பீஸ் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

அவர் தினமும் காலையில் வந்து நிற்பார். முகச்சவரம் கூடச் செய்திருக்க மாட்டார்.

"அண்ணே, ஏதாச்சும் தபால் வந்துச்சாண்ணே?"

"வரலையே தம்பி."

"அவ எங்கூடப் பேசறதே இல்லண்ணே. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறா. அந்தக் கடுதாசி மட்டும் வந்துட்டா அவகிட்டதான் முதல்ல காட்டணும்."

"வந்துரும்" என்றேன்.

ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. பத்தாம் நாள் நிர்வாகி அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அவர் எங்கள் கட்டிடத்தின் மொட்டை மாடிக்கு ஏறினார். படி வழியாக இறங்கவில்லை. நான் அப்போது வகுப்பில் இருந்தேன், நாற்பது பேர் சாட்சி. பாதியில் நிறுத்தினால் பாடம் கெடும், அதனால் முடித்துவிட்டுத்தான் கீழே போனேன்.

அவர் எங்கிருந்தும் நீக்கப்படவில்லை, இன்ஸ்பெக்டர் சார். எந்த மாணவியும் அழவில்லை. இரண்டையும் கரும்பலகையில் உண்டாக்கியவன் நான். கடிதத்தை மறைத்தவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துப் பிழை இல்லாமல்.

கடிதத்தை ஏன் கிழித்து எறியவில்லை என்று நேற்று கேட்டீர்கள். கிழித்திருந்தால் நீங்கள் என்னிடம் வந்திருக்கவே மாட்டீர்கள். உண்மைதான். ஆனால் நான் பிரித்துப் படித்தேன், படிக்கும்போதே சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். அந்த அம்மா தலைமையாசிரியையாம், ஒரே பக்கத்தில் ஏழு பிழைகள். எல்லாவற்றையும் வட்டமிட்டு ஓரத்தில் திருத்தி, அடியில் பத்துக்கு நான்கு போட்டிருக்கிறேன். திருத்திய தாளை நான் ஒருபோதும் எறிந்ததில்லை. அது எழுதியவருக்குத் திரும்பிப் போக வேண்டியது.

ஒன்றை மட்டும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சிரிப்பு சார்மேல் வெறுப்பு என்று நிர்வாகி சொல்லியிருக்கிறாராம். கடிதத்தில் கடைசிக்கு முந்தைய வரியைப் பாருங்கள். 'எ டீச்சர் லவ்டு பை எவ்ரி சைல்ட் இன் அவர் ஸ்கூல்.' எங்கள் பள்ளியின் ஒவ்வொரு குழந்தையும் நேசித்த ஆசிரியர். ஆள் முன்னால், அவருக்குக் கிடைத்தது பின்னால், கொடுத்தது யார் என்பதும் தெளிவாக இருக்கிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டிருக்கிறேன். யாருக்கும் சேர வேண்டிய மதிப்பெண்ணை நான் மறுத்ததில்லை.