மரிவோனுக்குப் படித்துச் சொன்னது

எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது, இன்ஸ்பெக்டர் ஐயா. பக்கத்து வீட்டில் மரிவோன் அப்பம் திருப்பிப் போடுவதுகூட எனக்குக் கேட்கும். காதில் விழுவது குற்றமில்லையே.

ஞாயிறு மதியம் துறைமுகக் கொட்டகையில் படம். ஊமைப்படம், நடுநடுவே பிரெஞ்சில் எழுத்து வரும். டப்பாவில் மத்தி மீன் அடைக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் எங்கள் வட்டாரத்துப் பிரெத்தோன் பேச்சுதான் தெரியும், பிரெஞ்சு படிக்க வராது. கன்னியர் மடத்தில் படித்த நான் எழுந்து நின்று எங்கள் பேச்சில் சொல்வேன். நான் சொல்வதுதான் கதை.

அன்றைக்கு வந்தது, பாரிசில் ஒரு பெண்பிள்ளை எடுத்த படம். புருஷன் சூப்பை உறிஞ்சுகிறான், மனைவி முகம் சுளிக்கிறாள், இதுதான் படம். எடுத்தவளுக்கென்ன, எடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

மரிவோன் என் பக்கத்தில். காலடியில் துணிமூட்டை. மாலை ரயிலில் பாரிசுக்கு, வீட்டு வேலைக்கு. புருஷன் ஹெர்வே அவளை அடிப்பது ஊருக்கே தெரியும். எந்தக் கையால் என்பது எனக்குத் தெரியும்.

"போறதா வேணாமானு இன்னும் மனசு ஆடுதுக்கா. இந்தப் பொம்பள என்ன பண்றானு பாத்துட்டு எந்திரிக்கிறேன்."

"அவ பட்டுக் கையுறை போட்ட சீமாட்டிடி. உன் கையில மீன் நாத்தம்."

"அழறது ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானக்கா."

கடைசியில் படத்து மனைவி வீட்டை விட்டுக் கிளம்புகிறாள்; திரை முழுக்க அவள் முகம். பிறகு எழுத்து: 'அவள் வீடு திரும்பவே இல்லை.'

நான் நிதானமாகச் சொன்னேன்: "அவ மனசு திருந்தி வீட்டுக்கே போயிட்டா. புருஷனும் மன்னிச்சிட்டான்." பின்வரிசையில் சிலர் கைகூடத் தட்டினார்கள்.

"நெசமா அப்படியா எழுதியிருக்கு?"

"இல்லாததை நான் ஏண்டி சொல்லப்போறேன்?"

மூட்டையை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கே போனாள். ஹெர்வே கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். மூட்டை விஷயத்தைக் காலையிலேயே அவனிடம் சொன்னது நான்தான். ரயிலடிக்கு ஓடப் பார்த்தான். "நடுத்தெருவுல மானம் போகணுமா? வீட்டுலயே இரு, நான் அனுப்பி வைக்கிறேன்" என்றேன்.

பிறகு சுவருக்கு அந்தப்பக்கம் எல்லாம் கேட்டது. "சோவாசிக்கா" என்று என் பெயர் சொல்லியும் கூப்பிட்டாள். அடுத்தவர் குடும்பத்தில் தலையிடும் பழக்கம் எனக்கில்லை.

ஏன் மாற்றிச் சொன்னேன் என்கிறீர்கள். அவள் போயிருந்தால் அந்த வீடு ஊமையாகியிருக்கும், ஐயா. ஊமைச் சுவரை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிப் பொழுதைப் போக்குவது?

மரிவோனைப் புதைத்தாயிற்று, ஹெர்வேயை நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள்; அந்த வீட்டுக்குப் புதுசாக ஒரு தம்பதி குடிவருகிறார்களாம். அந்தப் பெண்ணுக்கும் படிக்க வராதாம். பாவம், துணைக்கு நான் இருக்கிறேன்.