அஞ்சரை மணிக் கேள்வி

கன்னையன் யாருன்னுதான கேக்குறீங்க? நோயாளி நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பேரு இருக்கே, கேக்காம என்ன செய்வீங்க. சொல்றேன்க்கா. ஆனா ஒண்ணு, அது நான் கண்ணால பாத்த சங்கதி இல்ல. ஒருத்தங்க சொல்லக் கேட்டது. அப்ப நான் இடுப்புல இருக்குற பிள்ள. பாத்ததப் பாத்ததுன்னு சொல்லணும், கேட்டதக் கேட்டதுன்னு சொல்லணும். காலேஜுல நோட்டு எழுதப் பழக்குனப்ப அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அதனால மொதல்லயே சொல்லிப்புட்டேன்.

இருங்க, சோலிய ஒப்படைச்சிட்டு அந்தக் கதைக்கு வர்றேன். இல்லன்னா எதையாவது விட்டுருவேன்னு பயமா இருக்கு. பன்னெண்டு மணிக்கு எனக்கு ராசிங்காபுரம் பஸ்சு. நீங்க சுருளியம்மாள்தான? ஏஜென்சில சொன்னாங்க. என் பேரு பவித்ரா. சுருளியக்கான்னே கூப்புடுறேன், வயசுல மூத்தவங்க.

ஐயா பேரு வீரணன். எழுபத்தெட்டு வயசு. போடிமெட்டுக்கு மேல நாப்பது ஏக்கரா ஏலத்தோட்டம் வச்சிருந்தவரு. ரெண்டு தடவ பக்கவாதம் வந்து, அதுக்கப்புறம் இந்த மறதி. பொண்டாட்டி எறந்து ஆறு வருசம். மக ரோஜா கோயம்புத்தூர்ல, தெனமும் காலைல போன் பண்ணும். சமையலுக்கு மருதாயி அக்கா வரும், பதினோரு மணிக்குப் போயிரும். அப்புறம் இந்த வீட்டுல நீங்களும் ஐயாவும்தான்.

கஞ்சி ஊட்டுறப்ப நல்லா நிமித்தி உக்கார வைங்க. தாடைய லேசாக் கீழ குனிய வச்சு ஒரு கரண்டி. தொண்ட ஏறி எறங்குதான்னு பாத்துட்டு அடுத்த கரண்டி. கன்னத்துல ஒதுக்கி வச்சுக்குவாரு, விரல விட்டுப் பாக்கணும். மாத்திரையக் கையில குடுத்துறாதீங்க. உள்ளங்கையில மூடி, காதுகிட்ட வச்சுக் குலுக்கிப் பாப்பாரு. காய்ஞ்ச ஏலக்கா குலுக்குனா கலகலன்னு கேக்கும்ல, அந்தச் சத்தம் வரலன்னா, காயல, திரும்பப் போடுன்னு சன்னல் வழியா விட்டெறிஞ்சிருவாரு. சிரிக்காதீங்கக்கா, பி.பி. மாத்திரை மூணு நாளு கொய்யா மரத்துக்கடியில கெடந்துச்சு. பொடி பண்ணிக் கஞ்சில கலந்துருங்க. அந்தச் செவப்பு மாத்திரைய மட்டும் பொடிக்கக் கூடாது, டாக்டர் சொல்லிருக்காரு. எழுதிக்கங்க.

முதுகத் திருப்பிப் பாருங்க. பாருங்கக்கா, வெக்கப்படாம பாருங்க. ஒரு புண்ணு இருக்கா? குதிகால்ல? ஏழு மாசம் படுக்கையில கெடக்குற ஒடம்பு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காத் திருப்பிப் போட்டிருக்கேன். ஏஜென்சில என்னையப் புகழ்ந்தாங்க. ரோஜாக்கா பொறந்த மகளாட்டம் பாக்குறன்னு அழுதுச்சு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு.

ஏன்னு அப்புறம் சொல்றேன்.

இப்ப முக்கியமானது. சாயங்காலம் அஞ்சரை. இந்த நோயில பொழுது சாயுற நேரம் எல்லாருக்குமே ஒரு தவிப்பு வரும், நீங்க பாத்திருப்பீங்க. இவருக்கு டாண்ணு அஞ்சரைக்கு வரும். எந்திரிச்சு உக்காருவாரு. வாசலப் பாப்பாரு. ஒரே கேள்விதான். கன்னையன ஆஸ்பத்திரியில சேத்தாச்சா?

எனக்கு முன்னால பூப்பாறையில இருந்து ஒரு சேச்சி இருந்தாங்களாம். அவங்க, சேத்தாச்சு மொதலாளி, கன்னையன் சுகமா இருக்குன்னு சொல்லுவாங்களாம். ஐயாவும் அப்பாடான்னு சாஞ்சு, ஒரு கிண்ணம் கஞ்சி குடிப்பாராம். அதுதான் முறை. நமக்குப் படிப்புலயும் அதத்தான் சொல்றாங்க. எதுத்துப் பேசாத, திருத்தாத, அவங்க இருக்குற எடத்துக்கு நீ போன்னு.

நான் என்ன சொன்னேனா? சொல்றேன்.

அந்தக் கன்னையன் ஐயா தோட்டத்துல வேல பாத்த ஆளு. ஏலச்செடிக்கு நெழல் மரம் இருக்கும்ல, அதுல கெள கழிச்சுக் கவாத்து வெட்ட ஏறுவாங்க. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால, ஆடி மாசம், மரமெல்லாம் பாசி. வழுக்கி விழுந்துட்டாரு. வெளிய ரத்தம் இல்ல, வகுத்துக்குள்ள அடி. மதியம் ரெண்டு, ரெண்டேகால் மணி. பேச்செல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கு. தோட்டத்துல ஒரே ஜீப்பு. அதுல மறுநாள் ஏலத்துக்குப் போற ஏலக்கா, இருபத்திரண்டு மூட்ட, ஏத்தித் தார்ப்பாய் கட்டி நிக்குது. அவரு பொண்டாட்டி ராக்கு இந்த ஐயா கால்ல போய் விழுந்திருக்கு. ஐயா என்ன சொன்னாருன்னா, லோடு போயிட்டு வரட்டும், ஒண்ணும் ஆகாது, சுக்குத் தண்ணி வச்சுக் குடு.

அம்புட்டுத்தான். சுக்குத் தண்ணி.

ராக்கு எந்திரிச்சிருச்சு. உன் ஜீப்பு உன்னோட இருக்கட்டும்டா, என் புருசனத் தூக்க எனக்கு ஆளு இருக்குன்னுட்டு, கம்பளியக் கம்புல கட்டி, வேலைக்கு நின்ன ஆம்பளைக அத்தன பேரையும் கூட்டிக்கிட்டு, குறுக்குப் பாதையில எறங்கிருச்சு. ரோட்டுல போனா பதினேழு வளைவு சுத்தணும், குறுக்க எறங்குனா நேரா மலையடிவாரம், முந்தல். தோட்டத்து ஆளுக எல்லாம் நடக்குறது அந்தப் பாதைதான். முந்தல் ஊரு கண்ணுக்குத் தெரியுற எடத்துல கன்னையன் தண்ணி கேட்டாரு. குடிக்கல. அஞ்சரை மணி.

ரெண்டு நாள் கழிச்சு இந்த ஐயா ராசிங்காபுரத்துக்கு எழவு கேக்க வந்திருக்காரு. வாய் தொறக்கவிடல. சாணித் தண்ணிய மூஞ்சியில ஊத்தி வெரட்டுனேன்னு எங்கம்மா இன்னைக்கும் நெஞ்ச நிமித்திச் சொல்லும்.

ஆமா. எங்கம்மாதான். வாய் தவறி வந்துருச்சு. இனி என்ன மறைக்க? ராக்கு எங்கம்மா. கன்னையன் எங்கப்பா.

எந்திரிக்காதீங்கக்கா, உக்காருங்க. ஏஜென்சில குடுத்த சீட்டுல நோயாளி பேரப் பாத்தவுடனே யாருன்னு தெரிஞ்சிருச்சு. வேண்டாம்னு சொல்லிருக்கலாம். சொல்லல. அம்மாட்டயும் எந்த வீடுன்னு சொல்லல. நான் இந்தப் பேரச் சோத்தோட சேத்துத் தின்னு வளந்தவக்கா. படிக்காம தூங்கிட்டா, வீரணன் ஜீப்பு நெனப்பு இருக்கான்னு எழுப்பும் எங்கம்மா. எங்க வீட்டுல மொத டிகிரி நான். அந்த டிகிரியே இந்த ஆளு மேல இருந்த கோவத்துல வாங்குனதுதான்.

மொத நாளு அஞ்சரைக்கு இவரு வாயில எங்கப்பா பேரு வந்துச்சு. பக்கத்துல போய் உக்காந்து, மெதுவாச் சொன்னேன். இல்லய்யா. சேக்கல. ஜீப்பு குடுக்கலல்ல நீங்க. கன்னையன் வழியிலயே செத்துட்டான்.

அந்த மூஞ்சியப் பாக்கணுமே. அப்பத்தான் தந்தி வந்தாப்புல. வாயப் பொளந்து, சத்தமே வராம அழுகுறாரு. கஞ்சி எறங்கல.

மறுநாள் அஞ்சரை. மறந்துருச்சு. கன்னையன ஆஸ்பத்திரியில சேத்தாச்சா? இல்லய்யா, செத்துட்டான்.

மத்தவங்களுக்குச் சாவுச் சேதி ஒருக்காத்தான் வரும். அழுதா ஆறும். இவருக்கு ஆறவே ஆறாது, தெனமும் புதுசு. எனக்கு அது புரிஞ்ச அன்னைக்கு, சொல்ல வெக்கமா இருக்கு, அம்புட்டுச் சந்தோசம். எந்தக் கோர்ட்டுலயும் இப்படி ஒரு தண்டன குடுக்க முடியாது. அதான் முதுகுல புண்ணு வராமப் பாத்துக்கிட்டேன். சளி கட்டாமப் பாத்துக்கிட்டேன். செத்துட்டா அப்புறம் யாருக்கிட்ட போய்ச் சொல்றது? இப்பப் புரியுதா நான் ஏன் சிரிச்சேன்னு?

நோட்டுல பொய் எழுதல. சாயங்காலம் கன்னையன் பேரச் சொல்லித் தவிப்பு, சாப்பாடு மறுப்பு. அப்படித்தான் எழுதிருக்கேன். நான் என்ன சொன்னேன்னு மட்டும் எழுதல. எடை போட்ட பக்கத்தப் பாருங்க, ஐம்பத்தெட்டு கிலோ இருந்தாரு. இப்ப நாப்பத்தேழு. அதையும் நான்தான் எழுதுனேன்.

அழுது முடிச்சா இன்னொண்ணு செய்வாரு. தலகாணிய இழுத்துத் தரையில போடுவாரு. போர்வ, விரிப்பு, கைக்கு எட்டுன நாக்காலி, எல்லாத்தையும் கட்டில்ல இருந்து கீழ தள்ளுவாரு. மூட்ட, மூட்ட, வெரசா, வெரசான்னு மூச்சு வாங்கும். ரெண்டு தடவ விழப் பாத்தாரு. பாத்துக்கிட்டே நிப்பேன். எங்கப்பன் செத்துட்டான்னு சொல்றேன், இன்னமும் ஒனக்கு ஏலக்கா மூட்டதானாடான்னு பல்லக் கடிச்சுக்குவேன். மறுநாள் இன்னும் அழுத்திச் சொல்லுவேன்.

இப்படி ஏழு மாசம்.

போன செவ்வாக்கெழம மொக்கையன்னு ஒருத்தர் வந்தாரு. அந்தக் காலத்து ஜீப்பு டிரைவராம். மலவாழப்பழம் ஒரு சீப்பு கொண்டாந்திருந்தாரு. பேசிக்கிட்டு இருக்கவும் அஞ்சரை ஆயிருச்சு. வெளியாள் முன்னால நான் வாயத் தொறக்கல. பதில் வரலன்னதும் ஐயா அவராவே தலகாணிய இழுத்துப் போட ஆரம்பிச்சாரு. மொக்கையண்ணன் டக்குன்னு எந்திரிச்சு, இவரும் ஒரு பக்கம் புடிச்சுத் தள்ளுறாரு. என்னண்ணே நீங்களுமான்னேன்.

அன்னைக்கும் நாங்க ரெண்டு பேருந்தான் ஆத்தா எறக்குனோம்னாரு.

எனக்கு ஒண்ணும் புரியல. அவரு சொல்றாரு, கன்னையனத் தூக்கிக்கிட்டுப் போனதும் மொதலாளி ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர் வாசல்ல உக்காந்தே இருந்தாரு. அரமணி நேரம் கழிச்சு எந்திரிச்சாரு, தார்ப்பாயக் கிழிச்சாரு. கூலியாளு ஒருத்தன் இல்ல, எல்லாம் பொணத்தத் தூக்குற மாதிரித் தூக்கிக்கிட்டுப் போயிட்டானுக. ஏலக்காய ஈரத் தரையில உருட்டி விட்டோம். மூணரைக்கு ஜீப்பு காலி. பொறப்பட்டோம். ஒவ்வொரு வளைவுலயும் நிப்பாட்டி ஆரன் அடிச்சோம், எறங்கிக் கத்துனோம். ஒரு ஆளு இல்ல. பாதி தூரம் திரும்ப மேல ஏறுனோம், திரும்ப எறங்குனோம். கடைசியில போடி ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னு, அஞ்சரைக்கு, வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் மொதலாளி கேட்டாரு பாரு, கன்னையன ஆஸ்பத்திரியில சேத்தாச்சான்னு.

குறுக்குப் பாதையில போவாங்கன்னு தெரியாதாண்ணேன்னு கேட்டேன். நடமாடுற ஆளுதான் அதுல போவான், அடிபட்டவன அந்தச் செங்குத்துல யாராவது எறக்குவாங்களான்னாரு. அப்புறம் ஏன் யாருமே சொல்லலன்னேன். சொல்லத்தான் ராசிங்காபுரம் வந்தோம், ராக்கு எங்க சொல்லவிட்டாங்குறாரு.

நம்பிட்டேன்னு நெனைக்காதீங்க. மொதலாளி ஆளு மொதலாளிக்குத்தான் பேசுவான். அதுலயும் மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுறாதீங்க. அரமணி நேரம் அந்த வாசல்ல உக்காந்திருந்தாரே, எங்கப்பன் ஒரு பக்கம், ஏலக்கா ஒரு பக்கம் வச்சு நிறுத்துப் பாத்துக்கிட்டு. அத நான் சாகுற வரைக்கும் விடமாட்டேன்.

ஆனா மறுநாள் அஞ்சரைக்கு, செத்துட்டான்னு சொல்ல வாய் வரல. சரி, சேத்தாச்சுன்னு சொல்லலாம்னு பாத்தா அதுவும் வரல. எங்கப்பா ஆஸ்பத்திரியில சுகமா இருக்காருன்னு நான் எப்படிக்கா சொல்லுவேன்? நாலு நாளா அவரு கேக்குறாரு, நான் ஊமையாட்டம் நிக்குறேன். தவிப்பு இன்னும் கூடுது. அதான் ஏஜென்சில சொல்லி வேற ஆளு அனுப்பச் சொன்னேன். நீங்க சொல்லுங்க. உங்களுக்கு அது வெறும் வார்த்த. சேத்தாச்சு மொதலாளி, அம்புட்டுத்தான். சொன்னா எட கூடும். ஏழு மாசக் கதைய ரோஜாக்காட்டயும் ஏஜென்சிலயும் சொல்றதுன்னாலும் சொல்லுங்க. நான் மாட்டேன்னு சொல்லமாட்டேன்.

பையி அதோ இருக்கு, எடுத்துக் குடுங்க. பஸ்சுக்கு நேரமாச்சு.

அம்மாட்டயா? இல்ல, சொல்லல. சொல்லவும் போறதில்ல. முந்தாநாள், மொக்கையண்ணன் பேச்சு நெசமான்னு நானே பாத்துரலாம்னு பகலுக்கு மட்டும் லீவு போட்டு மேல போனேன். அப்ப தோட்டத்துல இருந்த ஒரு ஆத்தா இப்பவும் அங்கதான் இருக்கு. நனைஞ்ச ஏலக்காய மறுநாள் திரும்ப அள்ளி ஒணத்துனது தான்தான்னு அது சொல்லுச்சு. அப்ப காலி பண்ணது நெசம். வர்றப்ப ஸ்டோர் வாசல்ல இருந்து ஜீப்புல ஏறி, போன்ல நேரம் வச்சுக்கிட்டே வந்தேன். அன்னைக்கு ரோடு இன்னும் மோசம்னு மொக்கையண்ணன் சொன்னதுக்காக, டிரைவர மெதுவாவே ஓட்டச் சொன்னேன். போடி ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு மணி அஞ்சு நிமிசம். மூணரைக்குப் பொறப்பட்டா நாலு முப்பத்தஞ்சு. அம்மா அந்த ஸ்டோர் வாசல்லயே பொறுத்திருந்தா, எங்கப்பா உசுரோட போய் எறங்கிருப்பாரு.