உவை எந்தச் சபைச் சிஸ்டர்மார்?

...அதுதான் பிள்ளை நான் கேக்கிறன், ஒரு படத்திலயாவது ஒருத்தன் சோதினை எழுதினதைக் காட்டினவங்களே? பதினேழு படம் பாத்திட்டன். பதினேழிலயும் கம்பஸ் இருக்கு, பெரிய ஹவுஸ் இருக்கு, பின்வளவில நீச்சல் தடாகம் இருக்கு, எல்லாற்ற கையிலயும் சிவப்புப் பிளாஸ்ரிக் கோப்பை இருக்கு. புத்தகம் மட்டும் இல்லை. இருந்தாலும் அதால ஆற்றையேன் தலையில அடிக்கிறதுக்குத்தான். இப்பிடிப் படிச்சே இவை டாக்குத்தராகிறது? கண்ணை மூடும். மேலால தோலை இழுத்துப் பிடியும்... இன்னும் கொஞ்சம்... ஆ, அப்பிடித்தான். கதையாதையும் என்ன, கதைச்சா நூல் சிக்கிப் புருவம் அரைவாசி போயிடும். நான் கதைக்கிறன், நீர் சும்மா இரும்.

என்ன படம் எண்டு கேக்கிறீர் போல. சிரிக்காதையும், சிரிச்சாலும் சிக்கும். பெடியள் சேர்ந்து இருக்கிற ஹவுஸ் எண்டா ஃபிராற்றேனிற்றி. பெட்டையளின்ர எண்டா சொரோறிற்றி. கம்பஸில படிக்க வந்த பெட்டையள் கொஞ்சப் பேர் ஒரு வீட்டில இருந்துகொண்டு ஆளை ஆள் சிஸ்டர் எண்டு கூப்பிடுறது. வாசலில மூண்டு கிரேக்க எழுத்து. ஏன் கிரேக்கம் எண்டு அவையளுக்கும் தெரியாது. ஒருத்திக்கும் கிரேக்கத்தில தண்ணி கேக்கவும் தெரியாது.

பெடியளின்ர படம் எனக்கு அவ்வளவு பிடிக்காது. ஆனா அந்த ஆட்டுப் படம் நல்லது. பேர் வாயில வராது, நான் ஆட்டுப் படம் எண்டுதான் சொல்லுறது. மற்ற ஹவுஸ்காரங்களின்ர ஆட்டைக் களவெடுத்துக் கொண்டந்து குளியலறையில ஒளிச்சு வைச்சா, அது பெரிய அதிபற்ற மனுசியின்ர தொப்பியைத் திண்டிட்டுது. நான் சிரிச்சுச் சிரிச்சுத் தேத்தண்ணியை ஊத்திப்போட்டன். என்ர மனுசன் சீமோன், ஸ்கூல் பஸ் ஓடுறவர், அவர் சிரிக்கேல்லை. "பன்ரண்டாயிரம் டொலர் கட்டி ஆட்டுக்குத் தொப்பி குடுக்கிறாங்கள்" எண்டார். அவருக்கு எதிலயும் ஃபீஸ்தான் தெரியும். பிறகு பிசாசுப் படம் ஒண்டு, அதில ஹவுஸ் முழுக்க ரத்தம். ஒவ்வொருத்தியா தனியத் தனியக் கீழ் அறைக்குப் போறாளவை. லைற்றைப் போடன் எண்டு நான் இஞ்ச இருந்து கத்திறன். போடமாட்டாளவை. ஹைட்ரோ பில், கரண்ட் காசு, மிச்சம் பிடிக்கினம் போல.

கண்ணில தண்ணி வருதோ? வரும். முதல் தரம் எல்லாருக்கும் வரும்.

ஏன் இந்த வயசில இந்தப் படங்களைப் பாக்கிறன் எண்டு நீர் கேக்கலாம். கேக்காதையும், நானே சொல்லுறன். என்ர மகள் ஸ்டெபனி லண்டனில படிக்கிறாள். இங்கிலாந்து லண்டன் இல்லை, இஞ்ச ஒன்ராறியோவில இருக்கிற லண்டன், பஸ்ஸில மூண்டு மணித்தியாலம். போன செப்ரெம்பரில எனக்குக் கோல் எடுத்தவள். "அம்மா, சிஸ்டர்ஸ் என்னைத் தெரிஞ்செடுத்திட்டினம். நான் இனி அவையின்ர ஹவுஸிலதான் இருப்பன்" எண்டாள். ஆற்ற ஹவுஸ் எண்டன். ஒரு ஹவுஸ் மதர் இருக்கிறாவாம், எல்லாரையும் அவதான் பாக்கிறாவாம். வெள்ளை உடுப்புப் போட்டு, கையில மெழுகுதிரி பிடிச்சு, பிளெட்ஜ் எடுக்கோணுமாம். "பிளெட்ஜ் எண்டா தமிழில என்னம்மா?" எண்டு கேட்டாள்.

நீரே சொல்லும். சிஸ்டர்மார், மதர், வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி. நான் பாஷையூர்ப் பொம்பிளை, மூண்டு தலைமுறையாக் கத்தோலிக்க வேதக்காரர். எனக்கு வாயில என்ன வரும்? "வார்த்தைப்பாடு மகள்" எண்டன். எங்கட ஆக்களில கன்னியாஸ்திரியாப் போறவை கடவுளுக்குக் குடுக்கிற சத்தியத்துக்கு அதுதான் பேர். அவளும் "ஓ நைஸ்" எண்டாள். நான் ஃபோனை வைச்சிட்டு முழங்காலில விழுந்து அழுதன். ஒரே ஒரு பெட்டை, ஆண்டவர் கேட்டிட்டார். குடுக்காமல் ஏலுமே?

சரி, அழுதுபோட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நான் இருந்தனானே? எங்கட கோயிலில பாடகர் குழுவை நடத்திற ஜோசப்பின் எண்டு ஒரு மனுசி இருக்கிறா. அவவுக்கு மட்டும் சொன்னன், ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ எண்டு. அவவுக்கு அப்பிடிச் சொல்லுறதும் ஸ்பீக்கரில சொல்லுறதும் ஒண்டுதான், எனக்கு அது தெரியாமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பிரசங்கத்தில சொல்லிப்போட்டார். கனடாவில பிறந்த எங்கட பிள்ளை ஒண்டு துறவறத்துக்குப் போகுது எண்டு. சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. ஜோசப்பின் ரெண்டடி உயரத்தில ஒரு மாதா சொரூபம் வாங்கி, டோர்செட் பார்க்கில எங்கட பதினாலாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தவ. எலிவேற்றர் வேற அண்டைக்கு வேலை செய்யேல்லை. அந்தப் பாரத்தோட அவ ஏறி வந்த பிறகு நான் என்னெண்டு...

இரும், அந்தப் பக்கம் திரும்பும். இந்தப் புருவம் முடிஞ்சுது. வடிவா வந்திருக்கு.

எங்க விட்டனான்? ஓம், மடம். பிள்ளை போற மடம் எப்பிடியிருக்கும் எண்டு பாக்க ஆசை வராதே? அவள் ஃபோனில சொன்ன பேரை, சொரோறிற்றி ஹவுஸ் எண்டு, ரீவியில அடிச்சன். முதலாவதா வந்ததுதான் நீச்சல் தடாகப் படம். நானும் சீமோனும் செபமாலை சொல்லி முடிச்சிட்டுப் பக்திமானா இருக்கிறம். இருபது சிஸ்டர்மார் நீச்சலுடுப்போட ஓடிவந்து தண்ணிக்குள்ள பாயுதுகள். சீமோன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திருப்பிப் பாத்தார். "உவை எந்தச் சபைச் சிஸ்டர்மாரப்பா?" எண்டார்.

அண்டைக்கே விளங்கிட்டுது. அப்ப சொன்னா முடிஞ்சிருக்கும், பிழையா விளங்கிட்டன் எண்டு. சனம் ஒரு கிழமை சிரிச்சிட்டு விட்டிருக்கும். நான் சொல்லேல்லை. ஏனெண்டு உமக்குச் சொல்லுறன், நீர் பொட்டு வைச்ச பிள்ளை, எங்கட கோயில் ஆளில்லை, அதால சொல்லலாம். பிள்ளை, கோயிலில என்னை முன் வாங்கில இருத்தினவை. இருபத்தெட்டு வருசமாப் போறன், நான் மயிர் பிடுங்கிற கரோலின். திடீரெண்டு நான் சிஸ்டற்ற தாய். டாக்குத்தற்ற பெண்சாதி எழும்பி எனக்கு இடம் விட்டவ. அதை விட்டிட்டுப் பின்னால போய் இருக்க எனக்கு மனம் வரேல்லை. அவ்வளவுதான். வேற ஒரு பெரிய காரணமும் இல்லை.

பிறகென்ன, பொய்யை வளக்கிறதுக்கு விசயம் வேணும்தானே, படத்துக்கு மேல படமாப் பாத்தன். ஹவுஸில விடியக் காலமை மணி அடிப்பினம் எண்டு ஒரு படத்தில வந்தது, அதைக் கொண்டுபோய்க் கோயிலில சொன்னன். புது ஆக்களை மூத்த சிஸ்டர்மார் நிலம் கூட்ட விடுவினம், அதையும் சொன்னன். ஆ, என்ன தாழ்ச்சி எண்டு சனம் உருகிச்சுது. கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய்க் குளத்தில தள்ளுறதை மட்டும் சொல்லேல்லை.

ஆனா பாக்கப் பாக்க எனக்கு அந்தப் படங்களில ஒரு விருப்பம் வந்திட்டுது. எரிச்சலும்தான். நான் இந்த நாட்டுக்குப் பத்தொன்பது வயசில வந்தனான். ரெக்ஸ்டேலில மச்சாளின்ர பேஸ்மெண்டில ஏழு பேர், ஒரு குளியலறை. எங்கடயும் ஹவுஸ்தான். ஆனா எங்களை ஒருத்தரும் தெரிஞ்செடுத்து மெழுகுதிரி தரேல்லை, ஃபக்டறியில கையுறை தந்தவை. என்ர பிள்ளைக்கு நாப்பது பேர் அக்கா தங்கச்சி எண்டு நிக்கினம் எண்டா நான் சந்தோசப்படத்தானே வேணும். எனக்கு வந்தது பொறாமை. பெத்த பிள்ளையில பொறாமை.

நத்தாருக்கு வந்தாள். மூண்டு கிரேக்க எழுத்துப் போட்ட ஸ்வெற்றரோடயே நடுச்சாமப் பூசைக்கு வந்தவள். நான் காருக்குள்ளயாவது சொல்லியிருக்கோணும். சொல்லேல்லை. பூசை முடிய ஃபாதர் அவளைப் பீடத்துக்குக் கூப்பிட்டார். ஸ்வெற்றரைப் பாத்து, "புதிய ஏற்பாட்டின் மொழியை நெஞ்சில் சுமக்கும் பிள்ளை" எண்டார், அது கிரேக்கத்தில எழுதினதாம். ஜோசப்பின் பொன்னாடை போத்தினவ. ஃபாதர் தலையில கைவைச்சு ஆசீர்வதிச்சார். ஸ்டெபனி என்னைப் பாத்தாள். எனக்கு நிலத்தைப் பாக்கத்தான் முடிஞ்சுது. அவள் நினைச்சிருந்தா அந்த மைக்கில ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. குனிஞ்சு ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

காருக்குள்ளதான் கதைச்சவள். "அம்மா, நான் உங்களிட்ட ஒரு பொய்யும் சொல்லேல்லை. நான் யார் எண்டு சொல்ல உங்களுக்கு வெக்கமா இருக்கு. உண்மையைச் சொல்லிப்போட்டுக் கூப்பிடுங்கோ, வாறன்." அடுத்த நாள் பஸ் எடுத்திட்டாள்.

இப்ப மே மாசம். ஈஸ்ரருக்கும் வரேல்லை. நான் கோயிலில என்ன சொன்னன் தெரியுமே? தவக்காலத்தில மடத்தால வெளிய விடமாட்டினமாம் எண்டு. ஈஸ்ரர் முடிஞ்ச பிறகும் தவக்காலமே எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. மெசேஜ் போட்டா ஒரு பெருவிரல் படம் அனுப்புவாள். அஞ்சு மாசமாப் பிள்ளையிட்ட இருந்து பெருவிரல்தான் வருது.

பதினேழில எனக்குப் பிடிச்சது எது எண்டா... அதில ஆடும் இல்லை, பிசாசும் இல்லை. ஒரு தாய், சொல்லாமல் கொள்ளாமல் கேக்கோட ஹவுஸுக்கு வாறா. பெட்டையள் ஓடி ஓடிப் போத்திலுகளை ஒளிக்குதுகள். தாய் எல்லாத்தையும் காணுறா. ஒண்டும் கேக்கேல்லை. நேர குசினிக்குப் போய்க் குவிஞ்சு கிடந்த கோப்பையைக் கழுவத் தொடங்கிறா. கொஞ்சத்தால மகள் வந்து பக்கத்தில நிண்டு துடைக்கிறாள். கதையே இல்லை, ரெண்டு பேரும் கழுவினம், துடைக்கினம். நாலு தரம் பாத்திட்டன். அந்தத் தாய் ஒருத்தருக்கும் மகள் கன்னியாஸ்திரி எண்டு சொல்லேல்லைத்தானே, அவவுக்குச் சுகம்.

சரி, முடிஞ்சுது. இந்தாரும் கண்ணாடி. இனிக் கதைக்கலாம். பிடிச்சிருக்கோ? என்ன? மாமி சொல்லித்தான் இஞ்ச வந்தனீரோ? நல்லது, ஆர் உம்மட மாமி?

எந்த ஜோசப்பின்?

பாடகர் குழு ஜோசப்பினோ.

அப்ப நீர்... அவவின்ர மகன் கிளிபோட் ஏப்ரலில சிற்றி ஹோலில கலியாணம் எழுதின பிள்ளை நீரோ? துர்க்கா? மாமி எனக்குச் சொன்னவ, சைவப் பிள்ளை, நல்ல அமைதி எண்டு. அமைதியோ. நான் வாயைத் திறக்க விட்டால்தானே. ஆளின்ர பேரைக் கேட்டிருக்கலாம், ஒரு வசனம் கதைக்க விட்டிருக்கலாம். என்ர வாயை இந்த நூலாலதான் கட்டோணும்.

பிள்ளை, இரும், எழும்பாதையும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன், மாமியிட்ட... என்ன? சொல்லமாட்டீரோ? சத்தியமாவோ? ஒருத்தருக்கும்?

நல்ல பிள்ளை. உம்மட மாமி குடுத்து வைச்சவ. ஐயோ, காசு ஒண்டும் வேண்டாம், வையும் உள்ள. போட்டு வாரும்.

துர்க்கா. கதவைத் திறவாதையும். ஒரு நிமிசம்.

நீர் சொல்லாட்டி நான் எப்ப சொல்லப்போறன்? ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசல் மட்டும் வாயில வைச்சுக்கொண்டு போறன். உள்ளுக்குப் போனா, "மடத்தில சுகமா இருக்கிறா" எண்டுதான் வருது. இன்னொரு நத்தாரும் இப்பிடித்தான் போகும். நீர் சொல்லும். இண்டைக்கே மாமியிட்டச் சொல்லும், மிச்சத்தை அவ பாத்துக்கொள்ளுவா. ஒண்டையும் குறைக்காதையும். நீச்சல் தடாகம் பாத்த அண்டைக்கே எனக்குத் தெரியும் எண்டதைச் சொல்லும், முன் வாங்கிலையும் சொல்லும். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை எண்டதை மட்டும் ரெண்டு தரம் சொல்லும். மாதாவைத் திருப்பிக் கேட்டா, கீழ இறக்கிறதுக்குச் சீமோன் உதவி செய்வார்.

இந்தாரும், என்ர ஃபோன். நீரே தட்டும். ஸ்டெபனி எண்டு கிடக்கும், பெருவிரல் வரிசையா நிக்கும். என்ன போடுறது? "சொல்லிப்போட்டன்" எண்டு போட்டா அது பொய், நான் எங்க சொன்னனான். "சொல்லுப்பட்டுப் போச்சு" எண்டு போடும். அதுதான் நடந்தது. ஓம், அவளுக்கு அந்தத் தமிழ் விளங்காதுதான்.

விளங்காட்டி, என்னெண்டு கேக்கவாவது ஃபோன் அடிப்பாள். அப்பிடியே அனுப்பும்.