நிலத்தில் நிற்கும் படகில் ஒரு திருப்பம்

என் பெயர் ஜார்ஜெட் திபோடோ. வயது எண்பத்திரண்டு. கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்று, சென்ற மார்ச் மாதம் காலமான ஆர்மண்ட் திபோடோவின் மனைவி. மெயின் மாநிலம் கிட்டரியில், கப்பல் கட்டும் தளத்தின் வாயிலுக்கு எதிர்த் தெருவில், சொந்த வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். பிடிஃபோர்டு கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். ஆகையால் கையெழுத்திடும் முன் இந்த வாக்குமூலத்தை நானே வாசித்துப் பார்ப்பேன் என்று காவல் உதவி ஆய்வாளர் ஹாலண்டிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

திரு. ஆம்ப்ரோஸ் கோத்தேயை ஐம்பது வருடங்களுக்கு மேலாக அறிவேன். அவரும் என் கணவரும் ஒரே நீர்மூழ்கியில் சுக்கான் பிடித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர், அந்த நீர்மூழ்கி இப்போது காட்சிக்கு நிற்கும் இடத்தின் காவலாளி டன்ஃபியைத் தாக்கியதாக இங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றும், அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது, வீட்டை விற்றுவிட்டு ஒஹாயோவில் ஒரு முதியோர் விடுதியில் சேர்க்கிறேன் என்று அவருடைய மகள் டெனிஸ் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றும் அறிந்தேன். அவருக்குப் புத்தி கலங்கவில்லை. அதைச் சொல்லவே யாரும் அழைக்காமல் நானாக வந்தேன்.

நீர்மூழ்கியை அதில் இருந்தவர்கள் படகு என்றுதான் சொல்வார்கள், கப்பல் என்றால் கோபம் வரும். அந்தப் படகு போருக்காகக் கட்டப்பட்டதல்ல, பரிசோதனைக்காகக் கட்டப்பட்டது. அதற்கு முன்பிருந்த நீர்மூழ்கிகள் எல்லாம் தேவைப்பட்டபோது மட்டும் முங்கத் தெரிந்த கப்பல்கள். இது முன்பக்கம் பருத்து, வால் சிறுத்து, மீனின் உடம்போடு வந்தது. தண்ணீருக்கு மேலே அசடு போல் ஆடும், உள்ளே போனால் அதைப் பிடிக்க ஆள் கிடையாது. இன்று எங்கள் ஆற்றில் வந்துபோகும் அணுசக்திப் படகுகள் அந்த உடம்பின் வழி வந்தவைதான். பின்னாளில் அதன் வாலையும் மாற்றிப் பெருக்கல் குறி போல நான்கு துடுப்புகள் வைத்தார்கள். எங்கள் கடற்படை நெடுங்காலம் அந்த வாலைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு நாட்டார் எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியப் படகு ஒன்றின் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, "நம்ம வாலை மாட்டிக்கிட்டுப் போறான் பாரு" என்று என் கணவர் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார்.

விஷயம் என்னவென்றால், அந்தப் படகு ஆகாய விமானம் போல ஒருபக்கம் சாய்ந்து திரும்பும். அதற்காகத் தலைக்கு மேலே, நகரப் பேருந்தில் தொங்குவது போன்ற வார்களை மாட்டியிருந்தார்கள். திரும்புவதற்கு முன் சுக்கான் பிடிப்பவர் "பிடிச்சுக்குங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் எல்லோரும் வாரைப் பிடிக்க வேண்டும். யாராவது பிடிக்காமல் நின்றால், பக்கத்தில் இருப்பவர் அவரைச் சுவரோடு தள்ளி அழுத்திக்கொள்ள வேண்டும். ஒருமுறை சமையற்காரர் ஒருவர் பிடிக்காமல் நின்று, கொதிக்கும் சூப்போடு விழுந்து வெந்துபோன பிறகு ஏற்பட்ட வழக்கம் இது.

இன்னொரு வழக்கமும் உண்டு. அவர்களில் சுக்கான் பிடித்த ஒருவர் இறந்தால், மிஞ்சியிருப்பவர் அந்த இருக்கையில் உட்கார்ந்து, இறந்தவர் பெயரால் ஒரு திருப்பம் திரும்புவார். படகு கரையேறிக் காட்சிக்கு வைக்கப்பட்ட பிறகும் இது நடந்திருக்கிறது. பழைய காவலாளி இருக்கையை மறித்துக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்துவிட்டு வெளியே நின்றுகொள்வார். டன்ஃபி புதியவர், அவருக்குத் தெரியாது.

ஞாயிறு பூசை முடிந்ததும், என் கணவர் பெயரால் திரும்ப நானும் ஆம்ப்ரோஸும் படகுக்குப் போனோம். அதன்பின் ஆம்ப்ரோஸ் கயிற்றைத் தாண்டி இருக்கையில் அமர்ந்து பட்டையைப் பூட்டிக்கொண்டார். அதன்பின் டன்ஃபி வந்து, "பெரியவரே, அங்க உக்காரக் கூடாது, எழுந்திரிங்க" என்றார்.

"இந்த முட்டிய மடக்கவே அரை நாளாச்சு தம்பி. நிமித்த இன்னும் அரை நாள் ஆகும். கொஞ்சம் பொறு."

"இது எங்கயும் போகாது, தெரியுமில்ல?"

"இது கரையேறி முப்பது வருஷமாச்சு. ஏத்தினப்ப கயிறு பிடிச்சவன் நான். எனக்கே சொல்றியா?"

புத்தி கலங்கியவர் இப்படிப் பேசமாட்டார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் ஆம்ப்ரோஸ் என்னிடம், "ஜார்ஜெட், ஆர்மண்டுக்குப் பதிலா நீதான் குரல் குடுக்கணும்" என்றார். சமையலறையைத் தவிர வேறெங்கும் நான் உத்தரவு போட்டதில்லை என்றேன். "தெரியுமே. அதுக்கே அவன் நடுங்குவான்" என்றார்.

நான் வாரைப் பிடித்தேன். தோல் சில்லென்று இருந்தது. என் கணவர் அந்தப் படகில் இருந்த காலத்தில் வீட்டுப் பெண்கள் யாரையும் உள்ளே விட்டதில்லை. அதன்பின், "பிடிச்சுக்குங்க" என்றேன். மடத்தில் எங்களுக்குச் சத்தமாகப் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனாலும் சத்தமாகவே சொன்னேன். சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும்கூட வாரைப் பிடித்துக்கொண்டார்கள். டன்ஃபி மட்டும் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஆம்ப்ரோஸ் கைப்பிடியை இடதுபக்கம் சாய்த்தார். அதே நேரத்தில், தலையைத் திருப்பாமலே, மறுகையால் டன்ஃபியைச் சுவரோடு தள்ளினார். டன்ஃபியின் முழங்கை ஒரு குழாயில் பட்டு வீங்கியது. அதற்காக வருந்துகிறேன்.

அதன்பின் ஆம்ப்ரோஸ் பட்டையை அவிழ்த்து எழுந்து, "அடி பட்டிருச்சா தம்பி? மன்னிச்சுக்கோ" என்று கேட்டார். டன்ஃபி போலீசைக் கூப்பிடப் போனார். ஆம்ப்ரோஸ் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஞாபகமே இல்ல ஜார்ஜெட், கைக்குத்தான் ஞாபகம் இருந்திருக்கு" என்றார். இதைத்தான் டெனிஸ், தாம் செய்தது தமக்கே தெரியவில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டார் என எழுதியிருக்கிறாள். அவள் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

குரல் கொடுத்தது நான். ஆம்ப்ரோஸ் அந்தக் குரலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். தள்ளியது குற்றமானால், உத்தரவு போட்டவளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

காவல் நிலையத்தில் கொடுத்த காப்பியில் பாதியை அவர் கை கழுவும் தொட்டியில் கொட்டினார் என்பதும் புத்தி கலங்கியதற்கு ஒரு சான்றாக எழுதப்பட்டிருப்பதாக உதவி ஆய்வாளர் சொன்னார். அந்தப் படகில் யாரும் கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்பமாட்டார்கள். சாயும்போது சிந்தும். என் கணவர் சாகும் வரை, அசையாத என் சமையலறை மேசையிலும் பாதிக் கோப்பைதான் குடித்தார். நான் இன்னும் அப்படித்தான் ஊற்றுகிறேன்.

இதை முழுவதும் நானே வாசித்தேன். கப்பல் என்று இருந்த இரண்டு இடங்களில் படகு என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றபடி இதில் உள்ளது நான் கண்டதும் கேட்டதும் செய்ததும்தான், கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. ஆம்ப்ரோஸை வீட்டுக்கு அனுப்பும் வரை அவருக்குக் காப்பி கொடுப்பதானால், பாதிக் கோப்பை கொடுக்கவும்.

(ஒப்பம்) ஜார்ஜெட் திபோடோ